ஜோசப்ராஜின் நூற்றைம்பத்து மூன்று

பூமியைத் தாங்கிக்கொண்டிருப்பது ஆமையும் இல்லை, பாம்பும் இல்லை. 153 என்கிற எண். அதை மட்டும் யாராவது உருவிவிட்டால் லோணாவளா லோக்கல் ரயில் கட்கி ஸ்டேஷனில் நிற்காது. சூரியன் எந்தப் பக்கம் உதிப்பது என்று ஆட்டோ ஸ்டாண்டில் வழி கேட்கும். ரிசர்வ் வங்கி கதவை இழுத்து மூடிவிட்டு வடாபாவ் கடை போட்டுவிடும். பிறந்த எண், பிறக்கப்போகிற எண் எல்லாம் வரிசையில் நின்று அதற்கு சல்யூட் வைத்துக்கொண்டிருக்கின்றன. இதில் ஒரு சொல்கூட மிகை இல்லை என்று நம்புகிற ஆள் கட்கியில் ஒரே ஒருவர்தான். பெயர் ஜோசப்ராஜ்.

ஜோசப்ராஜ் வெடிமருந்துத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் அதே தொழிற்சாலைதான். தமிழ்நாட்டின் தென்கோடி நாசரேத் பக்கமிருந்து அப்பா இந்த மராட்டிய ஊரில் வந்து இறங்கிய பிறகு குடும்பம் கட்கியை விட்டு நகரவில்லை. ஜோசப்ராஜுக்கு வீட்டில் தமிழ், மைதானத்தில் மராத்தி, சண்டைக்கு இந்தி, சம்பளச் சீட்டில் ஆங்கிலம். கணக்கு மட்டும் எந்த மொழியில் நடந்ததென்று அவருக்கே தெரியாது.

அந்த எண் அவரைப் பிடித்தது கோயிலில். ஈஸ்டர் முடிந்த வாரங்களில் பாஸ்டர்கள் வருடாவருடம் ஒரு மீன்பிடிக் கதை சொல்வார்கள். வலையை இழுத்தார்கள், நூற்றைம்பத்து மூன்று மீன் இருந்தது என்பார்கள். சின்னப் பையனாக இருந்த ஜோசப்ராஜ் பிரசங்கம் முடிந்ததும் போய், “ஏன் நூத்தம்பத்தி மூணு? நூத்தம்பதுன்னு வச்சா என்ன?” என்று கேட்டார். “நிறைய மீன்னு அர்த்தம்லே, போ” என்றார் பாஸ்டர். நிறைய என்பது ஒரு எண் இல்லை என்று அந்த வயதிலேயே ஜோசப்ராஜுக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து 153-ஐப் பிரித்துப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தவர்தான், இன்னும் மூடி வைக்கவில்லை.

ஒன்று முதல் பதினேழு வரை வரிசையாகக் கூட்டினால் 153 வந்தது. அது சும்மா. பிறகு அதன் இலக்கங்களைத் தனித்தனியாக எடுத்து ஒவ்வொன்றையும் மூன்று தடவை எழுதிப் பெருக்கினார். ஒன்றுக்கு ஒன்று. ஐந்துக்கு 125. மூன்றுக்கு 27. மூன்றையும் கூட்டினால் மறுபடி 153. தன்னை உடைத்துத் தன்னையே திரும்பக் கட்டிக்கொள்கிற எண். அன்று அவருக்குக் காய்ச்சல் கண்டதாக வீட்டில் சொல்வார்கள்.

பெரிய சங்கதி பிற்பாடு, தொழிற்சாலை கேண்டீனில் சிக்கியது. மூன்றால் மீதியில்லாமல் வகுபடுகிற எந்த எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களை அதேபோல் மும்முறை பெருக்கிக் கூட்டுங்கள். வந்த விடையை மறுபடி. மறுபடி. கடைசியில் அது 153-ல் வந்து விழும். 12 என்றால் ஒன்றும் எட்டும் சேர்ந்து 9. ஒன்பதிலிருந்து 729, அங்கிருந்து 1080, பிறகு 513, பிறகு 153. விழுந்தபின் வெளியே போகாது. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் தப்ப முடியாது. மூன்றால் வகுபடாத எண்கள் மட்டும் வேறெங்கோ போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். அவை வலைக்கு வெளியே உள்ள மீன்கள்.

அதற்குப் பிறகு ஜோசப்ராஜ் எந்த எண்ணையும் சும்மா விட்டதில்லை. பஸ் எண், ஆட்டோ எண், பிரஷர் மாத்திரை அட்டையில் இருக்கும் எண், எதிர்வீட்டு கேஸ் சிலிண்டரின் கழுத்தில் இருக்கும் எண். பிலிஸைப் பெண் பார்க்கப் போனபோது அவர்கள் வீட்டுக் கதவு எண் 84 என்று பார்த்து, உள்ளே நுழையுமுன் வாசலில் நின்றே 153-க்குக் கொண்டுபோய்விட்டுத்தான் செருப்பைக் கழற்றினார். “என் மூஞ்சியைப் பாக்குமுன்ன கதவைப் பாத்துச் சம்மதிச்ச மனுசன்” என்று பிலிஸ் இன்றைக்கும் சொல்வாள்.

பக்கத்து லைனில் ஜெரோஷ் என்று ஒருவன் இருக்கிறான். இதை எழுதுகிறவன் அவன்தான். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் இரண்டு தடவை காலை வாரிவிட்டவன் என்பதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஜோசப்ராஜ் வீட்டு ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம், “அங்கிள், நூத்திப்பதினொண்ணு எங்க போகுது? டாய்லெட்டுக்கா?” என்று கத்திவிட்டு ஓடுவான். உள்ளேயிருந்து, “மூணு, இருபத்தேழு, முந்நூத்தம்பத்தொண்ணு, நூத்தம்பத்தி மூணு! உங்கப்பன்கிட்ட சொல்லுதேன் இருல!” என்று சத்தம் வரும். இது ஒரு மாதிரி காலை வணக்கம்.

இந்த மனிதரிடம் கோயிலில் ஒரு பொறுப்பு இருந்தது. கட்கி கோயிலில் ஒரே கட்டடம், மூன்று சபை. காலையில் ஆங்கில ஆராதனை, அடுத்து மராத்தி, கடைசியில் தமிழ். சுவரில் ஒரு மரப்பலகை. அதன் பள்ளங்களில் எண் எழுதிய தகரத் தகடுகளைச் செருகினால் அன்றைய பாட்டுகளின் எண்கள் தெரியும். மராத்திக்காரர்கள் கலைந்ததும் அவர்கள் எண்களை எடுத்துவிட்டுத் தமிழ்ப் பாட்டுகளின் எண்களைச் செருகுவது ஜோசப்ராஜின் வேலை. பாஸ்டர் போனில் சொல்லுவார், இவர் கேட்டுக்கொள்வார். காகிதத்தில் குறித்துக்கொள்ள மாட்டார், அது அவருக்கு மானக்கேடு. தகடுகளைச் செருகி முடித்ததும் மூன்றாவது பெஞ்சில் வந்து நின்று ஒவ்வொரு எண்ணையும் மனதில் வலைக்குள் போடுவார். போனில் கேட்டபோது வலையில் விழுந்த எண், பலகையிலும் விழுகிறதா? விழுந்தால் சரி. விழாவிட்டால் தகடு மாறிவிட்டது. இந்தச் சோதனை இத்தனை வருடத்தில் அவரைக் கைவிட்டதில்லை.

கல்யாணம் என்றால் இன்னும் விசேஷம். அன்றைக்கு எல்லாப் பாட்டும் வலைக்குள் விழுகிற எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று பாஸ்டரிடம் மல்லுக்கட்டுவார். மொய் எழுதுவதைவிட இது பெரிது என்பது அவர் எண்ணம். மாப்பிள்ளை பெண்ணுக்கு இது தெரியவும் தெரியாது.

தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த வசந்தகுமாரின் மகள் ப்ரீத்தியின் கல்யாணத்துக்கும் அப்படித்தான். பெண் உள்ளே வரும்போது பாடவேண்டியது 126. மங்களமான பாட்டு. ஜோசப்ராஜ் தகடுகளைச் செருகினார். வீட்டுக்குப் போய்க் குளித்து, கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது பெஞ்சில் நின்றார். பலகையைப் பார்த்து முதல் எண்ணை வலையில் போட்டார், விழுந்தது. மற்றவையும் விழுந்தன. திருப்தியாக உட்கார்ந்தார்.

பலகையில் இருந்தது 129.

அது அடக்கத்துக்குப் பாடுகிற பாட்டு.

கீபோர்டு வாசிக்கிற ஸ்டெல்லா டீச்சர் பலகையைப் பார்த்து வாசிக்கிறவர். வாசிக்க ஆரம்பித்துவிட்டால் கல்லறைக்குள்ளும் வாசித்துக்கொண்டே போவார். அன்றைக்குப் பாஸ்டர் வெளியூர்க்காரர். சபையில் பாதி இளசுகள், தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் அச்சடித்துப் பார்த்துப் பாடுகிறவர்கள். அர்த்தம் அவர்களுக்குக் கடைசிச் சரணம் வரையில் வந்து சேராது. ஆகவே, ப்ரீத்தி வெள்ளை உடையில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர, மண்ணுக்கு மண்ணாகப் போகும் சரீரத்தைப் பற்றி வாலிபர் கூட்டம் கைதட்டி, உற்சாகமாக, உச்சஸ்தாயியில் பாடியது. வயதானவர்கள் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்கள். ப்ரீத்தியின் அத்தை ஒருத்தி, “ஐயோ ஆண்டவரே” என்று பெஞ்சில் சரிந்தாள். ஒரு சரணம் முழுசாக முடிந்த பிறகுதான் யாரோ போய் ஸ்டெல்லா டீச்சரின் தோளைத் தொட்டார்கள்.

ஜெரோஷ் அன்று சிரித்த சிரிப்பில் அவனைக் கோயிலைவிட்டு வெளியே அனுப்பினார்கள். பிரியாணி வரிசையில் அவன் முதலில் நின்றதற்குக் காரணம் அதுதான்.

ஜோசப்ராஜ் சிரிக்கவில்லை. மூன்றாவது பெஞ்சிலேயே, கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டு, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் செருகியது 126. செருகியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருக்கிறதா? செருகியதாக நினைப்பதைத்தான் ஞாபகம் என்று சொல்லிக்கொள்கிறோமா? அவருடைய அண்ணன் ஜோனாஸுக்கு இப்படித்தான் தொடங்கியது. முதலில் ஒரு சாவி. அப்புறம் ஒரு பெயர். கடைசி வருடங்களில் ஜோனாஸ் கண்ணாடியைப் பார்த்து, “வந்தவருக்கு டீ குடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடி முன்னால் டீ வைத்ததும், ஆறியபின் எடுத்து ஊற்றியதும் ஜோசப்ராஜ்தான்.

வசந்தகுமார் வந்து திட்டுவார் என்று எதிர்பார்த்தார். பதினெட்டு வயதிலிருந்து பழக்கம். கெட்ட வார்த்தை இல்லாமல் வசந்தகுமார் அவரிடம் பேசியதே கிடையாது. வசந்தகுமார் வந்தார். தோளில் கை வைத்தார்.

“பரவால்ல ஜோசப். வயசானா வருததுதான். நீ சாப்பிட்டியா?” என்றார்.

ஒரு கெட்ட வார்த்தையாவது வருமா என்று ஜோசப்ராஜ் அவர் வாயையே பார்த்தார்.

அன்றிலிருந்து ஊரே அவரிடம் நல்ல பிள்ளையாகிவிட்டது. கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்து, “அங்கிள், இனி பலகையை வாலிபர் சங்கம் பாத்துக்கட்டும், நீங்க ரெஸ்ட் எடுங்க” என்று பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ரேஷன் கடைக்காரன் வரிசையில் முன்னே விட்டான். மகர்பட்டாவில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகள் ரெனிட்டா ஞாயிறுதோறும் வந்தாள். போகும்போது ஸ்கூட்டர் சாவி அவள் பையோடு போய்விட்டது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். பிலிஸைத்தான் தாங்க முடியவில்லை.

பிலிஸ் கல்யாணமான நாள் முதல் அவர் சொன்ன எதையும் ஒத்துக்கொண்டதில்லை. குழம்பில் உப்பு கூட என்றால், “உங்க நாக்குதான் சரியில்ல” என்பாள். மழை வரும் என்றால் வராது என்பாள். வந்துவிட்டால், “இது மழையாக்கும்” என்பாள். அந்தப் பிலிஸிடம் ஒருநாள் சோதனைக்காகவே, “இன்னைக்குச் செவ்வாக்கிழமைதானே?” என்றார். அன்று வியாழன்.

பிலிஸ் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். “ஆமாங்க, செவ்வாதான். சாப்பிட வாரீயளா?” என்றாள். குரலில் அப்படி ஒரு அன்பு.

அவர் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். தப்பை யாரும் தப்பு என்று சொல்லாத வீட்டில், தான் சரியாக இருக்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர் பிழைப்பே பரிசோதனைப் பிரிவு. தேறாத சரக்கைத் தேறாது என்று எழுதுவதற்குத்தான் அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. எல்லாவற்றையும் தேறியது என்று எழுதிப் போட்டால் அந்தக் குண்டு எங்கே போய் வெடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ரெனிட்டா ஞாபகமறதி பார்க்கிற டாக்டரிடம் நாள் வாங்கியிருந்தாள். அவளிடம் இன்னொரு திட்டமும் இருந்தது. “டாடி, ரிப்போர்ட் எப்படி வந்தாலும் நீங்க ரெண்டு பேரும் நம்ம ஃப்ளாட்டுக்கு வந்துடுங்க. லெவன்த் ஃப்ளோர், நல்ல காத்து, ஹவா வரும். இங்க அகேலா, தனியா எதுக்கு?” என்றாள்.

“எப்படி வந்தாலும்னா அப்புறம் டெஸ்ட் எதுக்குட்டி?” என்றார் ஜோசப்ராஜ்.

“பாத்தீங்களா, பாயின்ட் புடிச்சிட்டீங்க. வெரி குட் டாடி” என்று அவள் முதுகைத் தட்டினாள். சின்ன வயதில் அவள் ஏ, பி, சி, டி சொன்னபோது இவர் அப்படித்தான் தட்டினார்.

கேம்ப் ஏரியாவில் ஒரு மாடியில் கிளினிக். சோதனை செய்த பெண்ணின் பெயர் ஸ்ரீரஞ்சனி. தமிழ் என்று தெரிந்ததும் ஜோசப்ராஜுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தேதி கேட்டாள், சொன்னார். ஊர் கேட்டாள், சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னாள், முள்ளோடு வரைந்தார். ரெனிட்டா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு பதில் சொல்லும்போதும் தானும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப நூறுல இருந்து ஏழைக் கழிங்க சார். வர்றதுல இருந்து மறுபடியும் ஏழு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே போங்க.”

“தொண்ணூத்தி மூணு” என்றார் ஜோசப்ராஜ்.

93. மூன்றால் வகுபடும்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஐம்பது வருடப் பழக்கம், மாட்டு வண்டி தானாக வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி. ஒன்பதை மும்முறை பெருக்கினால் 729, மூன்றுக்கு 27.

“எழுநூத்தி அம்பத்தாறு” என்றார்.

ஸ்ரீரஞ்சனியின் பேனா நின்றது. ரெனிட்டாவின் உதடும் நின்றது.

“அறுநூத்தி எம்பத்தி நாலு. எழுநூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. ஆயிரத்தி எம்பது. ஐந்நூத்திப் பதிமூணு.” அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. “நூத்தம்பத்தி மூணு!”

சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தார். மகள் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தன்னிடம் என்ன கேட்டார்கள் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

“இல்லம்மா, அது வேற... இது ஒரு கணக்கு” என்று காது சிவக்க விளக்கினார். ஸ்ரீரஞ்சனி குறுக்கே பேசாமல் கேட்டாள். ஒரு தாளை எடுத்து அவர் சொன்ன ஒவ்வொரு எண்ணையும் போட்டுப் பார்த்தாள். ரெனிட்டா, “டாடிக்கு அது ஹாபி, அவ்வளவுதான், ஹைனா டாடி, அப்படித்தானே? கவுன்ட் பண்ண வேணாம் அதை” என்று இடையில் புகுந்தாள்.

“கணக்கு சரிதான் சார். ஒண்ணுகூடத் தப்பில்ல” என்றாள் ஸ்ரீரஞ்சனி. “ஆனா நான் கேட்டது அது இல்லையே. ஏழு கழிக்கச் சொன்னேன். நடுவுல உங்களால நிறுத்த முடியலையா, நிறுத்தணும்னே தோணலையா?”

ஜோசப்ராஜ் யோசித்தார். நல்ல கேள்வி.

“தெரியலம்மா” என்றார்.

“இது வயசுக்கு வர்றதாவும் இருக்கலாம். ஒரு தொடக்கமாவும் இருக்கலாம். இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. மழைக்காலம் முடிஞ்சு இன்னொரு தடவை வாங்க, பார்ப்போம்.”

மாடிப்படி இறங்கும்போது ரெனிட்டா, “அவங்க ஒண்ணும் தப்பா சொல்லல டாடி, டென்ஷன் ஆகாதீங்க. எல்லாம் பர்ஃபெக்ட்” என்றாள். ஜோசப்ராஜ் கைப்பிடியைப் பிடித்து நின்றார். பர்ஃபெக்ட் என்று யாரும் சொல்லவில்லை. பல வாரங்களில் அவரிடம் நேராகப் பேசிய ஒரே மனிதப் பிறவி மாடியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்தான். திரும்பிப் போய் அவளுக்கு நன்றி சொல்லலாமா என்று தோன்றியது. அதற்கும் ஏதாவது பெயர் வைத்து எழுதிவிடுவார்களோ என்று பயந்து இறங்கிவிட்டார்.

ஆட்டோவில் போகும்போது முன்னால் போன பஸ்ஸின் எண்ணைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எண்ணை வேண்டாம் என்று விட்டார்.

இரண்டு வாரம் எண்கள் பக்கமே போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஜெரோஷ், “அங்கிள், முந்நூறு எங்க போகுது? முனிசிபாலிட்டிக்கா?” என்று கத்தினால் உள்ளேயிருந்து பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதன்பிறகு ஜெரோஷ் கத்துவதை நிறுத்திக்கொண்டான். ஜன்னலை எட்டிப் பார்க்காமல் வேறு தெருவைச் சுற்றிப் பள்ளிக்குப் போனான். அந்தத் தெருவில் சமோசா நன்றாக இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தான்.

ஒரு மத்தியானம் பிலிஸ் காலண்டரைக் கிழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஜோசப்ராஜ். கிழித்த தாள் தரையில் தலைகீழாக விழுந்தது. தேதி 6. கீழே கிடந்து 9 என்றது.

ஜோசப்ராஜ் எழுந்து, சட்டைகூட மாற்றாமல், கோயிலுக்கு நடந்தார்.

கோயிலைத் திறந்து மூடுகிற ரவிசந்திரன் தகடுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தான். ஜோசப்ராஜ் தேடினார். அவர் நினைத்தது சரி. பெட்டியில் ஆறுக்கென்று தனித் தகடு கிடையாது, ஒன்பதுக்கென்றும் கிடையாது. ஒரே தகடு, திருப்பிச் செருகினால் ஆறு, திருப்பாவிட்டால் ஒன்பது. இத்தனை வருடமாக அவர் கையே அதைத் திருப்பிக்கொண்டிருந்தது, அவருக்குத் தெரியாமல்.

இன்னொன்றும் அப்போது உறைத்தது. ஆறுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் மூன்று. ஆறு வலைக்குள் விழுந்தால் ஒன்பதும் விழும். 126 விழும், 129-ம் விழும். இரண்டுமே ஒழுங்காகப் போய் 153-ல் உட்காரும். அவர் பூமிக்கு அச்சாணி என்று நம்பிய எண், பெட்டியில் இருக்கும் எல்லாத் தவறுகளிலும் சுலபமாக நேரக்கூடிய இந்த ஒரு தவறை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விட்டுவிடும். மூன்றாவது பெஞ்சில் நின்று திருப்தியோடு உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. அவர் அன்று பலகையைப் படிக்கவே இல்லை, வலையில் போட்டுத்தான் பார்த்தார்.

சரி, அப்படியானால் அந்தத் தகட்டைத் தலைகீழாகச் செருகியது யார்? தானா? இல்லை, தான் குளிக்கப் போன சமயத்தில் வேறு யாராவது பலகையைத் தொட்டார்களா? இது தெரிந்துவிட்டால் போதும்.

“ரவி, அந்தக் கல்யாணத்தன்னைக்குப் பூ அலங்காரம் பண்ண வந்தவனுவ இந்தப் பலகையை இறக்கினானுவளா?”

ரவிசந்திரனின் முகம் கனிந்தது. “ஆமா அங்கிள், இறக்கினாங்க. தகடெல்லாம் கீழ விழுந்திச்சி. அவங்கதான் மாத்திச் சொருகிட்டாங்க. உங்க மேல தப்பே இல்ல.”

ஜோசப்ராஜுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கின கல்லை நிறுத்தி, அதைத் தட்டிப் பார்த்தார். தொழிற்சாலைப் புத்தி.

“இல்லையே” என்றார் மெதுவாக. “பலகையை யாரும் தொடலன்னுல்லா நெனைக்கேன். அவனுவ வாசல்லயே பூக்கட்டிட்டுப் போயிட்டானுவ.”

“ஆ, ஆமா அங்கிள். கரெக்ட். வாசல்லதான். பலகையை யாரும் தொடல” என்றான் ரவிசந்திரன், அதே கனிவோடு.

ஜோசப்ராஜ் தகடுப் பெட்டியை மூடிக் கொடுத்தார். சாட்சி இருந்த ஒரே இடமும் இப்படி அன்பால் அழிந்துபோயிற்று. இனி அது தெரியவே போவதில்லை.

வீடு திரும்பும் வழியில் ரெனிட்டாவிடமிருந்து போன் வந்தது. வீடு மாற்ற வண்டி பேசிவிட்டதாகச் சொன்னாள். “சரிம்மா” என்றார். சரி என்று சொன்னபிறகு தானும் ரவிசந்திரன் மாதிரியே பேசுகிறோம் என்று தோன்றியது. பதினோராம் மாடியில் இதுதான் நடக்கும். மகள் ஆமாம் டாடி என்பாள், பிலிஸ் ஆமாங்க என்பாள், லிஃப்ட்காரன் ஆமா அங்கிள் என்பான். ஜோனாஸ் அண்ணன் கண்ணாடிக்கு டீ கொடுக்கச் சொன்னபோது, தான் மறுக்காமல் டீ வைத்தது நினைவுக்கு வந்தது. ஒரு தடவையாவது, “அண்ணே, அது நீதான்” என்று சொல்லியிருக்கலாம்.

தெருமுனையில் ஜெரோஷ் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தான். ஜோசப்ராஜ் நின்றார். இந்தப் பயல் பிறந்ததிலிருந்து அவருக்கு ஒரு மரியாதை கொடுத்ததில்லை. கல்யாணத்தில் சிரித்துக் கோயிலைவிட்டு வெளியே போனவன். ஊரில் மீதியிருக்கிற ஒரே அயோக்கியன்.

“ஏல ஜெரோஷ், இங்க வா.”

ஜெரோஷ் ஓடலாமா என்று பார்த்தான், செயின் மாட்டவில்லை. வந்தான். ஜோசப்ராஜ் அவனை வீட்டுக்குள் கூப்பிட்டு, சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார வைத்தார். பிலிஸ் சக்லி முறுக்கும் டீயும் கொண்டுவந்து வைத்து, கதவோரம் நின்றுகொண்டாள்.

“ஒரு நம்பர் சொல்லுல.”

“எதுக்கு அங்கிள்?”

“ஜன்னல்ல நின்னு கத்துவேல்லா, அதுக்குத்தான். இப்ப மூஞ்சிக்கு நேரா சொல்லு.”

ஜெரோஷுக்குப் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. மூன்றால் வகுபடாத எண்ணாகக் கொடுத்து மாட்டிவிடலாம் என்று நினைத்தான். இலக்கங்களை மனதுக்குள் கூட்டிப் பார்த்து, கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்து மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, “நாப்பத்தி ஏழு” என்றான். அது வலைக்கு வெளியே உள்ள மீன். எந்தக் காலத்திலும் 153-க்கு வராது. அங்கிள் அதைக் கண்டுபிடித்துத் திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டு வாங்கி நாளாகிவிட்டது.

ஜோசப்ராஜ் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. ரொம்ப நேரம் அசைந்தது. கண்ணைத் திறந்தார்.

“நூத்தம்பத்தி மூணு” என்றார்.

மேஜைக்கு அடியில் கைப்பேசி 407 என்றது. ஜெரோஷ் மறுபடி போட்டான். 407-ஐப் போட்டாலும் 407. அதற்குமேல் அது எங்கேயும் நகரவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். அங்கிள் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு, பதிலுக்காக, பரீட்சை எழுதிய பையனைப்போல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெரோஷுக்குத் தொண்டையில் சக்லி மாட்டிக்கொண்டது. சக்லிதான் என்று அவன் இன்றைக்கும் சொல்லுவான்.

“கரெக்ட் அங்கிள்” என்றான்.

ஜோசப்ராஜ் பித்தானை விட்டார். நாற்காலியில் சாய்ந்தார்.

“கரெக்டா?”

“ஆமா அங்கிள். சூப்பர்.”

“நாப்பத்தேழுல, நாலுக்கு அறுபத்தி நாலு, ஏழுக்கு முந்நூத்தி நாப்பத்தி மூணு. நானூத்தேழுல போய் நிக்கும், அங்கயே கெடக்கும், செத்தாலும் நூத்தம்பத்தி மூணுக்கு வராது.” அவர் மேஜைக்குக் குறுக்கே குனிந்து, ஜெரோஷின் கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தார். “தெரிஞ்சு வச்சிக்கிட்டே பொய் சொல்லுதே. நான் உன்னையில்லா மலைபோல நம்பியிருந்தேன். கண்ணு எதுக்குல கலங்குது? தொடைச்சிட்டு இன்னொரு நம்பர் சொல்லு. நான் தப்பா சொன்னா, தப்புன்னு சொல்லணும், கேட்டியா?”